சுருக்கத்துக்கு ஒரு இஞ்ச்

எங்க கல்யாணத்துக்குக்கூட அத்தனை சனம் வந்ததில்லை. புள்ளையோட காலுல இரும்பு மாட்டியிருக்குதுன்னு தெரிஞ்சதும் வந்தாங்க பாருங்க! சொந்தம், சொந்தத்துக்குச் சொந்தம், எதிர் வரிசைக்காரங்க, அவிங்க ஊட்டுக்கு விருந்துக்கு வந்த ஒறம்பரை. ஆளுக்கு ரெண்டு ஆரஞ்சுப் பழம், வாய் நெறையப் புத்திமதி. கட்டிலைச் சுத்தி நின்னு, போர்வையைத் தூக்கிப் பார்த்துட்டு, "அடக் கடவுளே"ன்னு மாருல கை வெச்சுக்குவாங்க. அப்புறம் காப்பி வந்துதான்னு திரும்பிப் பார்ப்பாங்க.

அவிங்க சொன்னதுல ஒண்ணு எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வரும். "ஏனுங் அம்மிணி, பொட்டப்புள்ளதானே? பாவாடை கட்டுனா மறைஞ்சு போயிருமே, இதுக்குப் போயா எலும்பை அறுக்கோணும்?"னு ஒருத்தி கேட்டா. நல்லாப் படிச்ச ஊட்டுப் பொம்பளைதான். பாவாடையில மறைக்கறதுக்கா நான் புள்ளை பெத்தேன்? வாய் வரைக்கும் வந்துது. ஒறம்பரைன்னு முழுங்குனேன்.

எங்க புள்ளைக்கு ஒரு வயசுல காய்ச்சல் வந்து, எடது முழங்காலுக்குக் கீழ எலும்புல சீழ் வெச்சுது. ஆத்தித் தேத்தி எடுத்தோம். நடந்தா, ஓடுனா, எல்லாம் ஆச்சு. ஆனா அந்தக் கால் மட்டும் மத்த காலோட சேர்ந்து வளர மாட்டேன்னுட்டுது. பதினோரு வயசுல மூணு விரக்கடை குட்டை. செருப்புக்கு அடியில டயர் ரப்பரை அடுக்கித் தைச்சுக் குடுத்தோம். பள்ளிக்கூடத்துல நொண்டின்னு கூப்புட்டாங்க. அதுகூடப் போச்சாதுன்னு உட்டிருவேன். இடுப்பு ஒரு பக்கம் எறங்கி முதுகெலும்பு கோணிக்கிட்டு வந்துது, ராத்திரியில முதுகு வலிக்குதுன்னு அழுவா. இப்படியே உட்டா இருபது வயசுல கெழவியாட்ட நடப்பான்னு கோயமுத்தூர்ல ஒரு எலும்பு டாக்டர் சொன்னார்.

அந்த டாக்டர் சீமைக்குப் போய்ப் படிச்சுட்டு வந்தவர். எழுபதுகளோட நடுவுல அதெல்லாம் எங்க பக்கம் யாரும் காதுல கேட்டிராத வைத்தியம். எலும்பைக் குறுக்க அறுத்து, மேல ரெண்டு கம்பி, கீழ ரெண்டு கம்பி குத்தி, வெளிய ஒரு இரும்புச் சட்டத்துல பூட்டிருவார். சட்டத்துல இருக்கற திருகைக் காலையில துளி, சாங்காலம் துளி திருப்பிக்கிட்டு வந்தா, அறுத்த எடம் துளித்துளியா வெலகும். வெலகுன சந்துல உடம்பு தானே புது எலும்பு கட்டிக்கும். திருகுல சின்னச் சின்னப் பல்லு இருக்கும், ஒவ்வொரு பல்லுக்கும் 'டிக்'குன்னு சத்தம் கேக்கும். இத்தனை பல்லுதான், அதுக்கு மேல ஒரு பல்லுகூடக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னார்.

"எலும்பு நாம சொன்னபடி கேக்கும். நரம்பு கேக்காது. அதை அவசரப்படுத்துனா செத்துப்போகும். தெனமும் காலையில பெருவிரலை மேல தூக்கச் சொல்லிப் பாருங்க. தூக்கலைன்னா அன்னைக்கே வண்டியேறி வந்துருங்க. பாதம் தொங்கிப்போச்சுன்னா கால் நீளமாகியும் பிரயோசனம் இல்லை"ன்னார். இதை நான் கேட்டுக்கிட்டு நின்னேன். எங்க ஊட்டுக்காரர் எங்கே நின்னார்னு கேக்கறீங்களா? வராந்தாவுல. ரத்தத்தைப் பார்த்தா மயக்கம் வருமாம் அவருக்கு. புள்ளை பெத்தவளுக்கு மட்டும் ரத்தம் ரோசாத் தண்ணி பாருங்க.

ஊட்டுல நல்லாப் பார்த்துக்கறதுக்கு ஆளிருந்தா கூட்டிட்டுப் போலாம்னாங்க. கூட்டிட்டு வந்தோம். எங்க ஊடு நல்லூர்ல. முன்னால இருக்கற பெரிய அறையில அவரோட கட்டிங் மேசை. பின்னல் போட்டுச் சலவையாகி வர்ற பனியன் துணியை அடுக்கு அடுக்கா விரிச்சு வெட்டுவாங்க. அதையொட்டி ஒரு திரையைக் கட்டி, அந்தாண்ட புள்ளையோட கட்டில். உப்புப் போட்டுக் கொதிக்க வெச்ச தண்ணியில கம்பி குத்துன எடத்தைத் தொடைக்கோணும். முழங்காலை மடக்கி நீட்டோணும். பாதத்தைப் பலகையில அமுக்கோணும். ரெண்டு வேளையும் திருகு. அத்தனையும் நான். கத்துனா, "பல்லைக் கடிச்சுக்க"ம்பேன். கை நடுங்குனா எண்ணிக்கை பெசகிரும்னு மூஞ்சியைப் பார்க்கவே மாட்டேன்.

ஒறம்பரைக ஒத்தாசை பண்ணாம இருந்தாலே பெரிய ஒத்தாசை. அவரோட அக்கா, எம் பெரிய நாத்தனார், நான் அடுப்படியில இருக்கறப்பக் கீழ கெடந்த பனியன் வேஸ்ட்டை எடுத்துப் புண்ணைத் தொடைச்சுட்டிருந்தா. மிஷினைத் தொடைக்கற துணிங்க! எண்ணெய் கறையோட! கையிலிருந்து புடுங்கி வீசுனேன். "நல்லதுக்குப் பண்ணுனா கோபத்தைப் பாரு"ன்னு மூக்கைச் சிந்திக்கிட்டே போனா. ஊரு பூரா என்னையப் பேச அவளுக்கு ஒரு விசயம் கெடைச்சுது.

எங்க ஊட்டுக்காரரைப் பத்திச் சொல்லோணும். கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டமே, கெட்டவரா இருந்தா வைஞ்சு தீர்த்திருக்கலாம். மீசை மொளைக்கறதுக்கு முந்தியே கத்திரி புடிச்சவர். கழுத்துல இஞ்ச் டேப் இல்லாம அவரை நான் பார்த்தது தாலி கட்டுன அன்னைக்கு மட்டுந்தான். உலகமே அவருக்குப் பனியன். சோறு சாப்புடறப்பக்கூட அடுத்தவன் போட்டிருக்கற பனியனோட கழுத்துப் பட்டியைத்தான் பார்ப்பார். ஒருநாள் புள்ளையோட காலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தவர், "ஏப்புள்ள, இந்தச் சட்டத்தைக் கழட்டுனா மறுபடியும் உள்ள போயிராதா?"ன்னார்.

"கால் என்ன பனியன் துணியா? இழுத்தா வந்து, உட்டா சுருங்கறதுக்கு?"ன்னேன். சிரிச்சே சொன்னேன்னு வெச்சுக்குங்களேன். கட்டிங்ல நின்ன ஆளுகளும் சிரிச்சாங்க. அவரும் வாயை மூடிக்கிட்டார். ஆம்பளை வாயை மூடிக்கிட்டா வெளங்கிருச்சுன்னு நாம நெனைச்சுக்கறோம். எத்தனை முட்டாள்தனம்!

கொஞ்ச நாள்ல புள்ளை எளைச்சுப்போனா. சோறு எறங்கலை. மத்தியானத்துல தலகாணியைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருப்பா, அதோட ஓரத்துல பல்லுத் தடம் இருக்கும். "ஏங் கண்ணு, இப்படியிருக்கறே?"ன்னா, "ஒண்ணுமில்லீங்கம்மா"ம்பா. அப்படியே உட்டேன். டாக்டர்தான் வலிக்கும்னு சொல்லியிருந்தாரே.

அப்புறம் அந்த நாள் வெடிஞ்சுது. உப்புத் தண்ணியில தொடைச்சுட்டு, "எங்க, பெருவிரலைத் தூக்கு"ன்னேன். தூக்கலை. "வெளையாடாத, தூக்கு"ன்னேன். "தூக்கறேனுங்கம்மா"ன்னா. அவ தூக்கிக்கிட்டுத்தான் இருந்தா. மூஞ்சியெல்லாம் செவந்து, கழுத்து நரம்பு பொடைக்க, தூக்கிக்கிட்டே இருந்தா. விரல் மட்டும் அது பாட்டுக்குக் கெடந்துது.

அப்பவே வண்டி புடிக்கோணும். எங்க ஊட்டுக்காரர் சலவைப் பட்டறைக்குப் போயிட்டார், விடியக்கால போனவர் இன்னும் வரலை. எதிர் வரிசையில நூல் யாவாரம் பண்றவிங்க ஊட்டுல ஒரு கார் இருந்துது. அதைக் கேக்கறதுக்கு ஓடுனேன். டிரைவர் குளிச்சுட்டு வரட்டும்னாங்க. சரின்னு துணிமணி எடுத்து வெக்கலாம்னு திரும்பி வந்து திரையை வெலக்குனா, எப்ப வந்தாரோ, அவர் கட்டிலுக்குப் பக்கத்துல குந்த வெச்சு உட்கார்ந்திருக்கறார். டேப்பை முழங்கால்ல இருந்து கணுக்கால் வரைக்கும் புடிச்சிருக்குது எடது கை. வலது கை திருகு மேல. டிக்.

நான் திரையைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். என்னையப் பார்த்ததும் அவர் கையைத் திருகுல இருந்து எடுத்துக்கிட்டார்.

"என்ன பண்றீங்க?"

"இல்ல புள்ள... கொஞ்சமாத்தான்..."

"என்னங்க பண்றீங்க?"

அவர் சொன்னார் பாருங்க ஒரு பதிலு! "சுருக்கத்துக்கு உடறேன். அளவுக்கு அளவு வெட்டுனா மொதல் சலவையிலயே சுருங்கி ஏறிக்குமில்ல? எப்பவும் ஒரு இஞ்ச் சேர்த்துத்தானே உடறது. டாக்டர் சரியான அளவுக்கு நிறுத்துவார், கழட்டுனதும் சுருங்கி மறுபடியும் குட்டையாயிருச்சுன்னா புள்ளை எத்தனை வலியை வீணாப் பட்டிருக்கும்? அதான், நீ தண்ணிக்குப் போறப்ப..."

தெனமும். நான் குழாயடியில கொடத்தோட சண்டை போட்டுக்கிட்டு நின்ன நேரத்துல, தெனமும். நான் பல்லு பல்லா எண்ணித் திருப்புனதுக்கு மேல இந்த மனுசன் சுருக்கத்துக்கு உட்டிருக்கறார்! சீமையில படிச்ச டாக்டருக்குத் தெரியாதது இவருக்கு வெளுத்த துணியில தெரிஞ்சுதாம். கட்டிங் மேசையில கெடந்த கத்திரியைத் தூக்கி வீசுனேன். அவர் மேல படலை, செவத்துல பட்டுது. ஆளுக எல்லாம் வெளிய போயிட்டாங்க. "அந்த விரலைப் பாருங்க. போங்க, தூக்கச் சொல்லுங்க. உங்க இஞ்ச் டேப்பை வெச்சு அளந்து தூக்குங்க பார்க்கலாம்!"னு கத்துனேன். அப்பத்தான் அவருக்கே தெரிஞ்சுது. விரலைத் தொட்டார், மேல நிமுத்துனார், உட்டார். அது விழுந்துது. மறுபடியும் நிமுத்துனார். விழுந்துது.

கோயமுத்தூர் வரைக்கும் கார்ல அவர் முன்னாடி, நாங்க பின்னாடி. டாக்டர் எல்லாத்தையும் கேட்டார். வைவார்னு நெனைச்சேன், வைஞ்சிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். பேசாமத் திருகைப் பின்னாடி திருப்புனார். அத்தனை வலி பட்டு வந்த நீளத்துல ஒரு பங்கு அங்கயே போச்சு. "நரம்பு இழுபட்டிருக்கு. செத்துருச்சா, மயங்கிக் கெடக்குதான்னு இப்பச் சொல்ல முடியாது. காத்திருந்துதான் பார்க்கோணும். அது வரைக்கும் யாரும் திருகைத் தொடக் கூடாது"ன்னார். யாரும்னு சொல்றப்ப என்னையும் பார்த்தார். எனக்குச் சுருக்குன்னுது.

காத்திருந்தோம். காத்திருக்கற ஊடுன்னா சனத்துக்குக் கொண்டாட்டந்தானே. நாத்தனார் மறுபடியும் வந்தா, இந்தத் தடவை கண்ணீரோட. கூடம் நெறையப் பொம்பளைக. "பொம்பளை கையில அதிகாரத்தைக் குடுத்தா இப்படித்தான். ராங்கி புடிச்சுத் திருப்பியிருப்பா. பெத்த புள்ளையோட காலைத் திருகறதுக்கு எந்தத் தாய்க்கு மனசு வரும்? இவ மனுசியே இல்லை"ன்னு என் காதுல விழற மாதிரியே சொன்னா. மத்தவிங்களும் ஆமாங்க ஆமாங்கன்னாங்க. நான் அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன். வெளிய வந்து அவரைக் காட்டிக்குடுக்க எனக்கு எத்தனை நேரம் ஆகும்? ஏனோ வரலை.

அவரே எந்திரிச்சார். "அவ இல்லீங் அக்கா. நான்தான் திருப்புனேன்"ன்னார்.

இப்ப அந்தச் சனம் என்னையத் திட்டுன வாயால அவரையும் திட்டியிருக்கோணுமா இல்லையா? அதுதான் இல்லை. "அட, நீயா சாமி? பெத்த பாசம், வேறென்ன? புள்ளைக்கு நல்லதாகோணும்னுதானே பண்ணுனே. ஆம்பளை மனசு எத்தனை தவிச்சிருந்தா இப்படிப் பண்ணியிருப்பே!" நாத்தனார் அவரோட தலையைத் தடவிக் குடுத்தா. நான் திருப்புனா கொலைகாரி, அவர் திருப்புனா பாசம். அடுப்படியில நின்னுக்கிட்டே சிரிச்சேன், சத்தம் போட்டே சிரிச்சேன். பைத்தியம் புடிச்சிருச்சுன்னு அதுக்கும் ஒரு பேச்சு.

நாத்தனார் அதோட உட்டாளா? கோயிலுக்குப் போய், கால் சரியாகுமான்னு பூ கேட்டா. வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம், செவப்புப் பூவை ஒரு பொட்டலமா மடிச்சு சாமி முன்னால போட்டு, சின்னக் கொழந்தையை உட்டு ஒண்ணை எடுக்கச் சொல்லுவாங்க. வெள்ளை வந்தா உத்தரவு. செவப்பு வந்துருச்சு. பொட்டலத்தைச் சரியாக் குலுக்கலைன்னு மறுபடியும் போட்டிருக்கறா. மறுபடியும் செவப்பு. மூணாவது தடவை வெள்ளை வந்ததும் எடுத்துக்கிட்டு ஓடி வந்து, "பாரு, சாமி குடுத்துருச்சு!"ன்னா. சாமியையும் அதட்டிக் கேட்டு வாங்கிட்டு வர்ற ஆளு அவ.

அந்த நாள்கள்ல எனக்கு இருந்த நெனைப்பு ஒண்ணே ஒண்ணுதான். குட்டையாவாவது இருந்துது, ஆனா நடந்தாளே. ஓடுனாளே. செருப்புல டயரை அடுக்கிக்கிட்டுப் பாண்டி வெளையாடுனாளே. கூட்டிட்டுப் போய் அறுத்து, இப்பப் பாதமே செத்துப்போச்சுன்னா? காலையில அந்த விரலைப் பார்க்கறதுக்கே எனக்குப் பயமா இருந்துது. பார்ப்பேன். "தூக்கு கண்ணு." அவ மூஞ்சி செவக்கும். நான் வெளிய போயிருவேன்.

எங்க ஊட்டுக்காரர் கட்டிங் பக்கமே போகலை. ஆளுகளை வெட்டச் சொல்லிட்டு, கட்டிலோட கால்மாட்டுல உட்கார்ந்து அந்தப் பாதத்தைக் கையில ஏந்திக்கிட்டே இருப்பார். நான் அந்தப் பக்கம் போறப்பெல்லாம் அதைப் பார்த்தா எரியும். இப்ப என்ன சீராட்டுன்னு. ஒருநாள் மத்தியானம் நான் கஞ்சி கொண்டுட்டுப் போறேன், அவர் கட்டை விரலால பாதத்தோட நடுவுல நீவிக்கிட்டிருந்தார். புள்ளை திடீர்னு, "ஐயோ உடுங்கப்பா, கூசுது!"ன்னு சிரிச்சா. காலை இழுத்துக்கப் பார்த்தா. இழுக்க முடியலை, ஆனா பெருவிரல் மேல வந்துது.

துளிதான். ஒரு நூல் அளவு. நான் கஞ்சிக் கிண்ணத்தோட அப்படியே தரையில உட்கார்ந்துட்டேன். அவர் ஓன்னு அழுகறார். கெடுத்தவர் கையிலதான் வரோணுமா அது? நாள் பூரா உப்புத் தண்ணி வெச்சுத் தொடைச்ச எங் கையில வரக் கூடாதா? அந்தச் சந்தோசத்துலயும் எனக்கு அப்படித்தான் தோணுச்சு. மறைச்சு என்னாகப்போகுது?

விரல் கொஞ்சங் கொஞ்சமா முழுசா ஏறுச்சு. டாக்டர் தட்டிப் பார்த்து, குத்திப் பார்த்து, மறுபடியும் ஆரம்பிக்கலாம்னார், முன்னைவிட மெதுவா. ஊட்டுக்கு வந்து அன்னைக்குச் சாங்காலம் கட்டில்கிட்டப் போனேன். அவர் திரைக்கு அந்தாண்டயே, நான் கூப்புடாம உள்ள வர மாட்டேன்னு நின்னுக்கிட்டிருந்தார். நல்லாருக்குது உங்க பவ்வியம்னு நெனைச்சுக்கிட்டே திருகு மேல கை வெச்சேன். புள்ளை எங் கையைப் புடிச்சுத் தள்ளிட்டா.

"நீங்க வேண்டாமுங்கம்மா."

"வேற யாரு? உங்கப்பனா?"

"அவரும் வேண்டாம்."

எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு. இத்தனை நாளும் மனசுல வெச்சிருந்ததைக் கேட்டுட்டேன். "உங்கப்பன் திருப்பறப்ப எங்கிட்ட ஏன்டி சொல்லலை? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இத்தனை ஆயிருக்குமா?"

"அப்பா ஒவ்வொரு வாட்டியும் வலிக்குதா சாமின்னு கேப்பாருங்கம்மா. வலிக்குதுன்னா சித்த நிறுத்திட்டுத் தலையைத் தடவுவார். அப்புறந்தான் திருப்புவார். நீங்க ஒரு நாளும் கேக்கலீங்களே" அப்படின்னா. கோபமாச் சொல்லலை. அப்பா காப்பிக்குச் சர்க்கரை போடுவார், நீங்க போட மாட்டீங்கங்கற மாதிரிச் சொன்னா.

கேட்டிருந்தா நான் திருப்பியிருக்க முடியுமா? வலிக்குதுன்னு இவ சொல்லி, அதைக் காதுல வாங்கிட்டு, அப்புறமும் திருப்பற கை எந்தத் தாய்க்கு இருக்குது? கேக்காம இருந்ததாலதான் இந்தக் கால் இத்தனை தூரம் வந்துது. இதையெல்லாம் அவகிட்டச் சொல்லோணும்னு வாயைத் திறந்தேன். பதினோரு வயசுப் புள்ளைகிட்ட என்னத்தைச் சொல்றது? திரைக்கு அந்தாண்ட அந்த மனுசன் மூக்கை உறிஞ்சற சத்தம் வேற.

அவ எந்திரிச்சு உட்கார்ந்து, தலகாணியை முதுகுக்குக் குடுத்து, குனிஞ்சு திருகைப் புடிச்சா. சின்னக் கை. ஒதட்டைக் கடிச்சுக்கிட்டா. டிக். எம் மேலெல்லாம் கூசுச்சு. டிக். இன்னும் திருப்பறதுக்கு இருந்துது, அவளுக்கு நெத்தியில வேர்த்துருச்சு. என்னால தாங்க முடியலை.

"வலிக்குதா கண்ணு?"ன்னேன்.

"சித்தப் பேசாம இருங்கம்மா, எண்ணிக்கை தப்பிரும்"ன்னா.